என் படகில் பன்னிரண்டு ஏவுகணைகள்

மூன்று வருடத்துக்கு முன், மன்னார்த் தீவில் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. என் மனைவியின் அக்கா கணவர், அதாவது என் சகலன், கொழும்புத் துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பலைச் சனங்களுக்குத் திறந்துவிட்ட நாளில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் கடற்கரைக்கு அவர்தான் கடற்படைத் தளபதி.

"மேல்தளத்திலை சதுரம் சதுரமா மூடி. அதுக்குக் கீழை ஏவுகணை நட்டுக்குத்தா நிக்குது. மூடி திறக்கும், நேரே மேலை போகும், போய்த்தான் திரும்பும். கப்பலைத் திருப்பவே தேவையில்லை. நீர்மூழ்கியிலை எண்டா முதல்லை காத்தை அடிச்சுத் தண்ணிக்கு வெளியாலை தள்ளிப்போட்டு, பிறகுதான் நெருப்புப் பிடிக்குமாம்."

ஊரே வாயைப் பிளந்து கேட்டது. பிளந்த வாய்களில் என் மனைவியின் வாயும் ஒன்று. நான் பிடித்துவந்த நண்டில் பெரிய கால் சகலனுடைய சோற்றுக்குப் போனது. அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது.

திருவிழாவில் மாதா சொரூபம் கடற்கரைக்கு வரும்போது மணலில் போத்தல்களை நட்டு ஈர்க்கு வாணம் விடுவது வருடாவருடம் சகலன்தான். இந்த முறை நான் விடுகிறேன், அதுவும் கடலிலிருந்து என்று கோயில் பங்குச் சபையில் எழுந்து சொல்லிவிட்டேன். என் படகில் மீன் போடும் இடத்தில் பன்னிரண்டு பிவிசி குழாய்களை, ஈரம் ஏறாமல் அடியை அடைத்து, நிமிர்த்தி வைத்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வாணம், மேலே ஒரு மூடி. எல்லாவற்றுக்கும் ஒரே திரி.

சகலன் குனிந்து பார்த்துவிட்டு என் காதோடு கேட்டார். "கப்பலிலை நெருப்பும் புகையும் வெளியேற வேறை வழி வச்சிருக்கிறாங்கள், சகலன். இதிலை எங்காலை போறது?"

"புகையிறது உங்கடை வயிறு. முதல்லை அதுக்கு ஒரு வழி பாருங்கோ!" நான் கடற்கரைக்கே கேட்கச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நண்டுக் காலைவிட ருசியாக இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு வெள்ளோட்டம். இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்தித் திரியைக் கொளுத்தினேன். ஒரு மூடியும் திறக்கவில்லை. குழாய்கள் வெடித்து, என் புது வலை எரியத் தொடங்கியது. வலைக்கு ஒரு முழம் தள்ளி மண்ணெண்ணெய்க் கான். நான் என்ன செய்தேன்? நீர்மூழ்கி ஆகிவிட்டேன். தலையைத் தூக்கியபோது சகலன் படகில் நின்றார். கானைக் கடலில் எறிந்துவிட்டு, எரிகிற வலையை வெறுங்கையால் இழுத்துக்கொண்டிருந்தார்.

படகு தப்பியது. அவருடைய வலது கை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் அவர் கையில் போட்ட துணிக்கட்டைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கட்டைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பங்குச் சபைத் தலைவர் கட்டிலருகே வந்து, "என்ன பிழைச்சது?" என்று கேட்டார். நான் சகலனின் வாயையே பார்த்தேன்.

"வாணத்திலை ஈரம் பட்டிட்டுது போலை. இவரிலை ஒரு பிழையும் இல்லை," என்றார் சகலன்.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், 'நான் அப்பவே சொன்னனான்' என்று தீவைத் தாண்டி இலுப்பைக்கடவை வரை சைக்கிளில் போய்ச் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வசனத்தை இன்றுவரை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. அதை அவர் எப்படி இவ்வளவு லேசாக விழுங்கினார் என்று நினைத்தால், இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.