செவலையின் காதில் இருந்த எண்

அன்று எங்கள் பால் சங்கத்து அலுவலகத்தில் இருந்தது மூன்று பேர். செயலாளர் அண்ணன், பாலைச் சோதிக்கும் டெஸ்டர் அக்கா, நான். இருக்க வேண்டியவர்களில் இல்லாதது இரண்டு. ஒன்று, சங்கத்துக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்த தர்மபுரி பாய். மகளுக்குப் பிரசவம் என்று வெளியூர் போயிருந்தார், போன் அணைந்திருந்தது. இன்னொன்று செயலாளர் அண்ணனின் செவலைப் பசு. அதை எட்டு மாதம் முன்பே விற்றுவிட்டிருந்தார். அந்த மாடு இல்லாததுதான் பெரிய குறை என்று பதினொன்றரை மணி வரை எங்கள் யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் இண்டூருக்குப் பக்கம். சங்கத்தில் நூற்றுப் பதினான்கு உறுப்பினர்கள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அங்கே கிடையாது, எண்தான். "ஐம்பத்தேழு இன்னும் வரலியா?" என்பார்கள். என் அம்மா முப்பத்தொன்பது. நான் முப்பத்தொன்பது மகன். கல்லூரி முடித்து, தர்மபுரியில் ஒரு அலுவலகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போன பிறகும் அங்கே எனக்கு அதுதான் பெயர்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் மாவட்டப் பால் ஒன்றியத்துக்கு ஒரு படிவம் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். போனால் ஊருக்கு ஒரு பால் குளிர்விப்பான் வர வாய்ப்பு உண்டு. போகாவிட்டால் அது அடுத்த ஊருக்கு. கோடையில் சாயந்தரப் பால், வண்டி வருவதற்குள் கேனிலேயே திரிந்துவிடும். திரிந்ததை அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். போன வருடம் அம்மாவின் பால் மூன்று முறை திரும்பியதாக அவளே சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். நான் படித்தது அந்தப் பாலில்தான். அதனால்தான் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

படிவத்தைத் திறந்தால் கட்டங்களுக்குள் எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. ஒரு வரி தட்டினால் கீழ் வரி காணாமல் போனது. சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம். இரண்டு வருடம் முன்பு வைரஸ் வந்து உறுப்பினர் பட்டியல் முழுதும் போனபோது, இனிமேல் இதுதான் என்று அடம்பிடித்துப் பாயிடம் போடச் சொன்னது நான். அதில் இருந்த ஆபீஸ் மென்பொருள் பழைய பதிப்பு. புதிய படிவம் அதற்குப் பிடிபடவில்லை.

"உன் லினக்சு கைய விரிச்சிடுச்சா?" என்றார் அண்ணன்.

"லினக்ஸ் சரியாத்தாங்க இருக்குது. ஆபீஸ்தான் பழசு."

"பென் டிரைவ்ல போட்டு கடைக்கு எடுத்துனு போலாம்ல?" என்று கேட்டுவிட்டு அக்காவே நாக்கைக் கடித்துக்கொண்டார். போன முறை ஒரு கடையில் பட்டியலைக் கொடுத்துத் தட்டச்சு செய்ததில் உறுப்பினர்களின் போன் எண்கள் எப்படியோ வெளியே போய், ஆறு மாதம் ஊர் முழுக்கக் கடன் வேண்டுமா கடன் வேண்டுமா என்று அழைப்பு வந்தது. பட்டியல் சங்கத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானமே போட்டிருந்தார்கள்.

நான் அந்த மென்பொருளின் இணையப் பக்கத்தைத் தேடினேன். அடுத்த பதிப்பு இன்னும் வெளியாகவில்லை, பீட்டா மட்டும் வந்திருந்தது. அதில் என்னென்ன சரிசெய்தார்கள் என்ற நீண்ட பட்டியலில், கட்டங்களுக்குள் எழுத்து ஏறிக்கொள்வதும் இருந்தது. எங்கேயோ ஒருவருக்கு எங்கள் பிரச்சினையே வந்து, அவர் எழுதி அனுப்பியிருக்கிறார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இதுதான் மருந்து என்று இருவரிடமும் சொன்னேன்.

"பீட்டான்னா?" என்றார் அக்கா.

"எல்லாருக்கும் குடுக்கறதுக்கு முன்ன சோதிச்சுப் பாக்கச் சொல்லிக் குடுக்கறதுங்க்கா."

"நான் காலைல கேன்ல மொண்டு பாக்கறனே, அந்த மாதிரி நம்மள மொண்டு பாக்கறானுங்களா?"

"ஆமாங்க்கா."

"திரிஞ்சிருந்தா?"

"நமக்குத்தான் திரியும்."

அண்ணன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "பழையதத் தொட மாட்டங்கண்ணா," என்றேன். "இது தனியா பக்கத்துல உக்காரும். ஒத்து வரலன்னா எடுத்துடலாம்."

என் போனில் அன்றைக்கு இருந்த டேட்டாவில் முக்கால்வாசியை அது குடித்தது. இறங்கிய பொதியைப் பிரித்தேன். டெர்மினல் என்கிற கருப்புத் திரையைத் திறந்து, நிறுவச் சொல்லும் ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டினேன். அது கடவுச்சொல் கேட்டது. தினமும் கம்ப்யூட்டர் எதையும் கேட்காமல் தானே திறந்துகொள்ளும்படி பாய் அமைத்திருந்ததால், அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டிருந்தது. சங்கத்தின் பதிவு எண், அண்ணனின் போன் எண், ஒன்று முதல் எட்டு வரை என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். எதையும் ஏற்கவில்லை.

பதினொன்றரைக்குப் பாயின் போன் உயிர்பெற்றது. முதலில் வாழ்த்துச் சொன்னோம், பேத்தி பிறந்திருந்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தேன்.

"நான் எங்க வெச்சேன்ப்பா? உங்க செயலாளருதான் அவரு கையால வெச்சாரு. மறக்காத ஒண்ணா வைங்கன்னேன். நம்பர் ஒண்ண அடிச்சாரு, நீளமா," என்றார் பாய்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகம் மெல்ல மாறியது. "செவலையோட காது நம்பருடா," என்றார்.

மாட்டின் காதில் குத்தும் மஞ்சள் வில்லையில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும். மாடு தன் கொட்டகையை விட்டு எங்கே போய்விடப் போகிறது, வேண்டும்போது போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதையே வைத்திருக்கிறார். ஊரையே எண்ணால் கூப்பிடும் மனிதருக்கு அது இயல்பாகத்தான் தோன்றியிருக்கும். முதல் ஐந்து இலக்கம் வரை அவருக்கு ஞாபகம் இருந்தது. எண் எழுதிய காப்பீட்டுச் சீட்டை மாட்டோடு கொடுத்துவிட்டார்.

"மாட்டுக் காதுல பூட்டி வெச்ச ஒரே செயலாளரு நீங்கதான்," என்றார் அக்கா.

மாட்டை வாங்கியவர் தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் ஹோட்டல் வைத்திருக்கும் ஒரு அம்மா. அண்ணன் போன் செய்தார். அவரிடம் இருந்தது பட்டன் போன்; படம் எடுத்து அனுப்ப வழியில்லை. விஷயத்தை முழுதாகக் கேட்காமலே, வியாபார நேரம் என்று போனை வைத்துவிட்டார். நான் வண்டியை எடுத்தேன்.

லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம். ஹோட்டலுக்குப் பின்னால், புளியமரத்தடியில் செவலை நின்றது. நான் நேராக அதன் காதைப் பிடிக்கப் போனதைப் பார்த்து அந்த அம்மா கரண்டியோடு வந்துவிட்டார்.

"ஏந்தம்பி, வித்த மாட்டுக் காதுல உனக்கு என்னா வேல?"

"கம்ப்யூட்டர் தொறக்கறதுக்குங்கம்மா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இலையிலிருந்து நிமிர்ந்தார். "ஆதார் கேட்டானுங்க, பான் கேட்டானுங்க, இப்ப மாட்டுக் காதும் வேணுமாமா?"

அந்த அம்மா நம்பவில்லை. மாடு நன்றாகக் கறப்பது தெரிந்து திருப்பிக் கேட்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார். நான் அண்ணனுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அண்ணன் என்ன கேட்டாரோ, அந்த அம்மா பெருமையாக, "ஒரு வேளைக்கு ஏழு லிட்டரு குடுக்குது," என்றார். பிறகு, "எங்கிட்ட அஞ்சத் தாண்டுனதே இல்ல," என்று அண்ணனின் குரல் வெளியே கேட்டது. அதைக் கேட்டு மனம் குளிர்ந்த அந்த அம்மாவுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

ஆனால் செவலைக்கு வரவில்லை. வில்லை முழுக்கச் சாணம். துடைக்கக் கை வைத்தால் தலையை வீசியது. கடைசியில் கடை முன்னால் தொங்கிய தாரிலிருந்து ஆறு வாழைப்பழம் வாங்கி, அந்த அம்மா ஒவ்வொன்றாக ஊட்ட, நான் நான்காவது பழத்தில் துடைத்து, ஆறாவது பழத்தில் எண்ணை முழுசாகப் படித்தேன். அக்காவுக்குப் போனில் இரண்டு முறை சொன்னேன். "அந்தக் கருப்புத் திரையில அடிச்சி எண்டர் தட்டுங்க்கா," என்றேன். ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது மணி இரண்டு. மேசையில் இரண்டு கீபோர்டுகள். பழையது ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. புதியதன் முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். அண்ணன் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"கீபோர்டு செத்துப்போச்சு தம்பி," என்றார். "எத்தன தடவ அடிச்சும் ஒரு எழுத்து விழுவல. இண்டூருக்குப் போயி செல்போன் கடையில புதுசு வாங்கியாந்தன். இதுலயும் விழுவல."

"ரெண்டும் ஒரே கம்பெனி போல," என்றார் அக்கா.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தத் திரையில் கடவுச்சொல் தட்டும்போது எழுத்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது. எதுவுமே நடக்காதது போலத்தான் இருக்கும். அதை நான் சொல்லவில்லை. எனக்குப் பழகிவிட்டதால், தெரியாதவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தவறிவிட்டேன். எழுத்து விழட்டும், பிறகு எண்டர் தட்டலாம் என்று அவர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள்.

"விழுவுதுங்கண்ணா. காட்டிக்காது, அவ்வளவுதான்," என்றேன். அடித்ததை எல்லாம் அழித்துவிட்டுப் பன்னிரண்டு எண்களைத் தட்டி எண்டர் கொடுத்தேன். திரையில் வரிகள் சரசரவென்று ஓடத் தொடங்கின.

அண்ணன் புதிய கீபோர்டைப் பார்த்தார்.

நிறுவி முடிந்தது. பட்டியலில் பழைய ஐகானுக்குப் பக்கத்தில் புதியது ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. சொடுக்கினேன். வரவேற்புப் படம் வந்தது, நின்றது. அரை நிமிடம் அசைவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரும் என்று தெரியும். வந்தது. படிவத்தைத் திறந்தேன். ஒவ்வொரு எழுத்தும் அதனதன் கட்டத்தில் இருந்தது.

"அட," என்றார் அக்கா.

பட்டியலிலிருந்து பெயர், ஊர், மாட்டு எண்ணிக்கை எல்லாம் எடுத்து ஒட்டிவிட்டேன். ஒரு கட்டம் மட்டும் கையால் நிரப்ப வேண்டியது: ஒரு வருடத்தில் சாயந்தரப் பால் எத்தனை முறை திருப்பப்பட்டது. அக்கா தன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகச் சொல்ல, நான் தட்டினேன். முப்பத்தேழுக்கு நாலு. முப்பத்தெட்டுக்கு இரண்டு.

"முப்பத்தொன்பது, பதினொண்ணு."

என் விரல் நின்றுவிட்டது. "மூணு இல்லீங்களா அக்கா?"

"உங்கிட்ட மூணு. நோட்டுல பதினொண்ணு." பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "உங்கம்மாதான் சொல்ல வேணாம்னாங்க. அடி கண்ணு, அடி."

பதினொன்று என்று அடித்தேன். அதற்குப் பிறகு ஐந்து வரிக்கு ஒரு முறை சேமிக்க ஆரம்பித்தேன்.

எழுபத்திரண்டாவது எண்ணில், திரையில் படிவம் இருந்த ஜன்னல் பட்டென்று மூடிக்கொண்டது. கம்ப்யூட்டர் திரை மட்டும் வெறுமையாக இருந்தது.

"திரிஞ்சிடுச்சா?" என்றார் அண்ணன், மெதுவாக.

"இருங்கண்ணா."

மறுபடி திறந்தேன். மூடுவதற்கு முன்பு இருந்ததை மீட்டுத் தரட்டுமா என்று அதுவே கேட்டது. சரி என்றேன். எழுபது வரை எல்லாம் இருந்தது. இரண்டே வரிதான் போயிருந்தது. அக்கா அதைத் திரும்பச் சொன்னார். அப்புறம் நூற்றுப் பதினான்கு வரை அது நிற்கவில்லை. பிடிஎஃப் ஆக்கி, போனிலும் ஒரு முறை திறந்து பார்த்து, நான்கு இருபத்தைந்துக்கு அனுப்பினேன். அரை மணியில் பெறப்பட்டது என்று பதில் வந்தது. அண்ணன் போனை என் கையிலிருந்து வாங்கி அதை இரண்டு முறை படித்தார். ஜன்னல் திட்டிலிருந்த தன் பிரஷர் மாத்திரை அட்டையைத் தேடி எடுத்து, ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். காலையிலிருந்து அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

நான் கடவுச்சொல்லை மாற்றினேன். இந்த முறை அக்கா வைத்தார். எனக்குச் சொல்லவில்லை, ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் பூட்டினார். "ஆத்திர அவசரத்துக்கு பீரோவத் தொறந்தாப் போதும். தொப்பூர் போவ வேணாம்," என்றார். பீட்டாவில் நான் பார்த்த அந்த ஜன்னல் மூடிக்கொண்ட விவகாரத்தை, எந்த வரியில், என்ன செய்தபோது என்று எழுதி அதைச் செய்தவர்களுக்கு அனுப்பினேன். எங்களுக்கு முன்னால் யாரோ எழுதியதால்தானே எங்களுக்கு வேலை நடந்தது.

அம்மாவிடம் பதினொன்றைப் பற்றி நான் கேட்கவில்லை. சித்திரையில் குளிர்விப்பான் வந்து இறங்கிய அன்று அவள்தான் சாயந்தரம் முதல் ஆளாகப் பால் ஊற்றினாள். மூடியைத் திறந்து உள்ளே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "சில்லுனு இருக்குதுடா," என்றாள்.

அடுத்த கூட்டத்தில் செலவைக் கேட்டார்கள். மென்பொருள் இலவசம் என்று நான் எழுந்து சொன்னேன். அண்ணன் இருமினார். பெட்டி திறந்ததால் கடைக்காரர் திருப்பி வாங்காத அந்தப் புதிய கீபோர்டு இன்றும் பீரோவில்தான் இருக்கிறது. பழையது ஒழுங்காக வேலை செய்கிறது. பெட்ரோல், ஒரு டீ, செவலைக்கு ஆறு வாழைப்பழம், கீபோர்டு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.