தெருவெல்லாம் சீம்பால்

எந்த வேலையிலும் நான் ஒட்டியதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். லாரி கிளீனராக ஆந்திரா வரை போனேன். மாமல்லபுரத்தில் மீன்பிடிப் படகில் ஏறி, வலையை விட வாந்தியைத்தான் அதிகம் கடலில் போட்டேன். நெம்மேலியில் குழாய் பதிக்கும் கூட்டத்தோடு மண் வெட்டினேன். வேலை இல்லாத நாட்களில் செங்கல்பட்டு ரயில் நிலைய நடைமேடையில் படுத்தேன். கொசுவைத் தவிர யாரும் தொந்தரவு செய்யவில்லை. கையில் ஓட்டுநர் உரிமம் இருந்ததால் கடைசியில் ஒரு கால்நடை விஞ்ஞானிக்கு ஜீப் ஓட்டப் போனேன். அங்கே மட்டும் தங்கிவிட்டேன்.

கறவை மாடுகளின் நோயை ஆராய்வதுதான் டாக்டரம்மாவின் வேலை. பாதி வாரம் ஆய்வகத்தில் பாலையும் ரத்தத்தையும் சோதிப்பார். மீதி வாரம் ஜீப்பில் ஊர் ஊராகச் சுற்றுவோம். அப்போது அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்றுதான்: நன்றாகக் கறக்கும் பசு, கன்று போட்ட கையோடு ஏன் விழுகிறது? உடம்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலோடு மடிக்கு இறங்கிவிடுவதால்தான் என்பது தெரிந்த விஷயம். எந்தப் பசு விழப்போகிறது என்று முன்னாலேயே சொல்ல முடியுமா என்றுதான் அவர் ரத்தத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர் ஒன்றில் மாடு வைத்திருப்பவர்களைக் கூட்டிப் பேசினார். கன்று போட்டதும் சுரக்கும் சீம்பாலின் மகிமையை நெடுநேரம் விளக்கினார். கன்றுக்கு அதுதான் முதல் தடுப்பூசி என்றார். ஊரே தலையாட்டியது. கடைசியாக, முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள், பாதியை மடியிலேயே விடுங்கள் என்றார். அதற்குள் டீ வந்துவிட்டது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் போன் செய்தார். பசு கன்று போட்டுவிட்டதாம், இப்போது எழுந்திருக்கவில்லையாம். அக்கா முன்பு அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். பிறகு அணுபுரம் குடியிருப்பில் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தார். அந்த வேலையை விடுவதற்காகத்தான் இந்தப் பசுவை வாங்கினார். பசு போனால் திரும்பவும் தேய்க்கப் போக வேண்டியதுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பசு கழுத்தை மடித்து முகத்தை விலாவில் புதைத்துக் கிடந்தது. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. எங்களுக்கு முன்பே அடிமாட்டு வியாபாரி ஒருவர் வந்து, தன் குட்டியானை வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தி, முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"ஒட்டக் கறந்துட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பத்தலையேம்மா," என்றார் அக்கா. "தெரு பூரா சீம்பாலு கேட்டு சொல்லி வச்சிருந்தாங்க. அணுபுரத்துல நான் வேல செஞ்ச வூட்டுக்காரம்மா டப்பாவே குடுத்து அனுப்பிட்டாங்க."

"எதுக்கு இத்தனை பேரு?"

"நீங்கதான தடுப்பூசி மாரின்னு சொன்னீங்க."

"அவ்ளோ நல்லதுன்னா கன்னுக்குட்டிக்கு மட்டும் இன்னாத்துக்கு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மீசையில் சீம்பால் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

டாக்டரம்மா திரும்பிக்கொண்டார். பையைத் திறந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு.

சுண்ணாம்புச் சத்து மருந்து பாட்டில் ஐஸ் பெட்டியோடு ஒட்டிக் கிடந்ததில் குளிர்ந்திருந்தது. "அக்குள்ல வச்சு சூடாக்குப்பா," என்றார். வைத்தேன். அதைப் பார்த்துத் தெருவே கூசிச் சிரித்தது. வெயில் ஏறியதால் நான்கு பேர் ஒரு காதணி விழா பேனரைப் பசுவுக்கு மேலே விரித்துப் பிடித்தார்கள். பேனரில் அச்சடித்திருந்த காது குத்திய குழந்தை தலைகீழாகப் பசுவைப் பார்த்துச் சிரித்தது.

கழுத்து நரம்பில் ஊசி ஏறியது. பாட்டிலைத் தூக்கிப் பிடித்து நின்றேன். வேகமாக இறங்கினால் பசுவின் இதயம் நின்றுவிடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "தூக்கு… போதும்… இறக்கு," என்றார்.

"அண்ணாத்த, சும்மா பேஜாரு பண்ணிக்காத," என்றார் வியாபாரி என்னிடம். "மத்தியானம் ஆனா காலு மரத்துடும். அப்புறம் என் வண்டிதான்."

"வண்டிய அந்தாண்ட தள்ளி நிறுத்து நைனா," என்றார் அக்கா. "மாடு பாத்து பயந்துகினு கீது."

"அது எங்க பாக்குது? கண்ண மூடிகினு கீது."

திடீரென்று டாக்டரம்மா கையை உயர்த்தினார். "நிறுத்து." குழாயைக் கிள்ளிப் பிடித்தேன். இதயம் தடுமாறுகிறது என்று அவர் முகமே சொன்னது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டார். வியாபாரிகூட முறுக்கை மெல்லவில்லை.

"ம். இப்ப விடு. சொட்டுச் சொட்டா."

பாட்டில் பாதி இறங்கியபோது காது ஒருமுறை அசைந்தது. அப்புறம் தோள் சதை கிடுகிடுவென்று நடுங்கியது. பிறகு பசு விட்ட ஏப்பத்தில் பேனர் பிடித்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அடுத்து சாணி போட்டது. யாரோ கைதட்டினார்கள். சாணிக்குக் கைதட்டுவதை நான் பார்த்தது அன்றுதான். நானும் தட்டியிருப்பேன், கையில் பாட்டில் இருந்தது.

மருந்து தீர்ந்து ஊசியை உருவிய கொஞ்ச நேரத்தில் பசு பின்னங்காலை ஊன்றிப் புட்டத்தைத் தூக்கியது. ஒரு தள்ளாட்டம். பிறகு முழுசாக எழுந்தது. பேனர் கொம்பில் மாட்டிக் கிழிந்தது. பிடித்திருந்த நால்வரும் நாலு பக்கம் ஓடினார்கள். காதணிக் குழந்தையைத் தலையில் போர்த்திக்கொண்டு பசு கன்றைத் தேடிப் போய் நக்கியது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கட்டிப்பிடித்ததில் சீம்பால் என் சட்டையிலும் ஒட்டியது.

அக்காவைக் காணோம். தேடினால், குண்டானோடு பசுவின் மடியடியில் குந்தியிருந்தார்.

"டாக்டரம்மாவுக்கு ஒரு வாய் சீம்பால்—"

"தொடாதீங்க."

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டாக்டரம்மாவின் குரல் உயர்ந்து கேட்டதில்லை. அக்கா குண்டானைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். டாக்டரம்மா அந்த வெறும் குண்டானைக் கையில் எடுத்தார். "யாருக்கெல்லாம் குடுத்தீங்களோ அவங்க கிட்டயே வாங்கித் தாங்க. நான் சாப்பிடறேன்."

அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவித்த சீம்பால் வந்தது. வெல்லம் போட்டது, ஏலக்காய் தட்டியது, அடிபிடித்தது, பாதி கடித்தது. எல்லாம் ஒரே குண்டானில். அணுபுரத்து டப்பா மட்டும் வரவில்லை, அதற்குள் பேருந்து ஏறியிருந்தது. வியாபாரிக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அவர் தின்றுவிட்டு, காலி வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில், பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்த என் கை தோளுக்குக் கீழே இறங்க மறுத்தது. ஒற்றைக் கையால் ஓட்டினேன்.

"இத்தனை வருஷமா ரத்தத்துல தேடிட்டிருக்கேன்," என்றார் டாக்டரம்மா. "இனிமே மொதல்ல தெருவுல எத்தனை வீடுன்னு கேக்கணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டதில் ஜீப்பை ஓரம்கட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த ஊர்க் கூட்டத்தில், வணக்கம் சொல்வதற்கு முன்பே, மடியில் பாதியை விடுங்கள் என்றுதான் ஆரம்பித்தார். டீயை ஜீப்பிலேயே மறித்து வைத்திருந்தேன். அக்கா பாத்திரம் தேய்க்கப் போகவில்லை. பழைய வீட்டுக்காரம்மாவுக்கு இப்போது பால் ஊற்றப் போகிறார். அடுத்த சீம்பாலுக்கு அந்தம்மா இப்போதே நீட்டிய டப்பாவை, அக்கா காலியாகவே திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.