அன்புக்கரசிக்கு வந்த கட்டுச்சோறு

மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை. உடுமலையில் ஏறி உக்கடத்தில் இறங்கி, அங்கே டவுன் பஸ் பிடித்து, அப்புறம் வெயிலில் நடை. தத்துப் பிள்ளைக்கு அம்மாவாகவும் வகுப்புக்குப் போகணும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அன்புக்கரசி சிரித்திருப்பாள். இப்போது சிரிக்கவும் தெம்பில்லை. பிள்ளை வேணுமென்று எட்டு வருஷம் ஊசிக்குக் கொடுத்த உடம்பு. தத்துக்குப் பெயர் பதிந்து காத்திருந்ததில் இன்னொரு மூணு வருஷம் போச்சு. வாரமெல்லாம் தேங்காய்க் களத்தில் குனிந்து கிடக்கிறவளுக்கு, அந்த ஃபேனுக்கடியில் உட்கார்ந்தாலே கண் சொக்கும்.

கடைசி வகுப்பில், தத்து மையத்து ஃபஹீமா மேடம் ஆளுக்கொரு துணிப் பொம்மையைக் கொடுத்தார். "இது உங்க குழந்தைன்னு நெனச்சுக்கங்க. 'நீ எங்க வயித்துல பொறக்கல, ஆனா எங்க பிள்ளைதான்'னு சொல்லுங்க பாக்கலாம்."

அன்புக்கரசி சொல்லிவிட்டாள். அவள் புருஷன் வேலன், ஊரையே ஹாரனால் எழுப்புகிற டெம்போக்காரன், பொம்மையை மடியில் குப்புறப் போட்டுவிட்டு மெல்லச் சொன்னான்.

"அது பெருசானதுக்கப்பறம் பாத்துக்கலாமுங்க."

"மறைச்சு வளக்கறவங்களுக்கு நான் எழுதித் தரமாட்டேனுங்க," என்றார் மேடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் எழுதினால்தானே குழந்தை!

வீட்டைப் பார்த்து முதல் அறிக்கை எழுதி மூணு வருஷம் ஆகிவிட்டதால், மறுவாரம் மேடம் வீட்டை இன்னொரு தடவை பார்க்க வந்தார். கட்டில், கக்கூஸ், தண்ணித்தொட்டி எல்லாம் பார்த்துவிட்டு நோட்டை விரித்து உட்கார்ந்த நேரம், வாசலில் ஆட்டோ. வேலனின் அக்கா சின்னத்தாயி இறங்கினாள். கையில் ஒரு தூக்குப்போசி, பின்னால் ஆட்டோக்காரர் கையில் நாலு.

"புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்சோறு, எல்லாமே இருக்குது. ஏழாம் மாசம் நடக்குதுன்னு ஃபோன்ல சொல்லிப்போட்டு, கட்டுச்சோத்துக்கு ஒரு வார்த்த கூப்புட மாட்டீங்களா? அம்மா ஊடு இல்லாதவளுக்கு நானாச்சும் கொண்டாரோணுமில்ல?"

மேடத்தின் பேனா நின்றது.

அன்புக்கரசி வேலனைப் பார்த்தாள். அட பாவி மனுசா! சனிக்கிழமைப் பயணத்தையெல்லாம் செக்கப் என்று சொல்லி வைத்திருக்கிறான். கத்தலாம் என்று வந்தது. கத்தவும் முடியாத அசதி. "ஏனுங்க, நீங்களே சொல்லுங்க," என்றாள்.

வேலன் சட்டைப் பட்டனைத் திருகினான். "அக்கா... இவ வயித்துல ஒண்ணுமில்ல. நாங்க தத்து எடுக்கறோம். பொய் சொல்லிப்போட்டேன்." தலையை நிமிர்த்தி, "ஆனா எங்க பிள்ளதான்," என்றான். மேடத்தின் பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

சின்னத்தாயி போசிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருக்கலில் எழுந்து வடித்த சோறு.

"அப்ப இதயெல்லாம் ஆருக்குப் போடறது?"

அன்புக்கரசி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தட்டை இழுத்து முன்னால் வைத்தாள்.

"எனக்குத்தானுங்க அண்ணி. ஏழு மாசமில்ல, பதினோரு வருசமாச் சொமக்கறேன். பசிக்குது, போடுங்க."

சின்னத்தாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். முதல் கரண்டி புளிச்சோறு.