லியோனாவின் கொக்கி

தனக்குத் தையல் மிஷின் ஓட்டத் தெரியும் என்பதை லியோனா டைக்கெமா ஒன்பதாம் வகுப்பில் வாய்தவறிச் சொல்லியிருக்கக் கூடாது. மிச்சிகன் ஏரிக்கரையில் அவள் அப்பா படகு இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடை வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த வேலை கைவந்துவிட்டது. பள்ளியின் ரோபோ அணியில் சேர்ந்த முதல் வாரம், "பம்பருக்குத் துணி யாரு தைப்பாங்க?" என்று கேட்டார்கள். "எனக்கு மிஷின் ஓட்டத் தெரியும்" என்று அவள் கையைத் தூக்கினாள். அத்தோடு தலைவிதி முடிவாகிவிட்டது.

பம்பர் என்பது ரோபோக்கள் மோதிக்கொள்ளும்போது அடி தாங்குவதற்காக நாலு பக்கமும் கட்டும் மெத்தை. பலகையில் நுரைக்குழாயை வைத்து, மேலே துணியை இழுத்துத் தைக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் மோட்டார், கணினி என்று திரிய, வருடம் தவறாமல் அந்த மெத்தை லியோனாவின் தலையில் விழுந்தது. "தையல்காரம்மா" என்று பெயரும் வைத்தார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் சண்டை போட்டு வேறொரு வேலை வாங்கினாள். அந்த வருட ஆட்டத்தில், முடியும் தறுவாயில் ரோபோ களத்தில் உயரத்தில் உள்ள கம்பியைப் பிடித்துத் தன்னைத்தானே தரையிலிருந்து தூக்கிக்கொண்டால் கூடுதல் புள்ளி. அதற்கான கொக்கியை லியோனா வரைந்தாள், வெட்டினாள், உடைத்தாள், மறுபடி செய்தாள். பம்பரையும் அவளே தைத்தாள். வேறு யார் தைப்பார்கள்?

மார்ச்சில் பக்கத்து ஊர்ப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் மாவட்டப் போட்டி. வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது. எடை உட்பட எல்லாப் பரிசோதனையிலும் தேறாத ரோபோ களத்தில் இறங்க முடியாது. தங்கள் ரோபோவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பெர்த்தா. வண்டியில் ஏற்றி, "ரோபோ வருது, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் தள்ளிப் போய்த் தராசில் வைத்தார்கள்.

பரிசோதகர் கொரின் மேடாக்ஸ் எண்ணைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"அஞ்சு பவுண்டு அதிகமா இருக்கேம்மா."

"இருக்காது மேடம். போன வாரம் நாங்களே எடை போட்டோம். சரியா இருந்துச்சு."

"போன வாரம் இருந்திருக்கும்."

லியோனா குனிந்து பெர்த்தாவின் வயிற்றுக்கு அடியில் பார்த்தாள். அவள் அதுவரை பார்த்தேயிராத இரண்டு இரும்புத் தகடுகள் அங்கே போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தன. நிமிர்ந்து அணித் தலைவன் ட்ரெண்ட் ஹூக்ஸெமாவைப் பார்த்தாள். அவன் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எப்ப வச்ச?"

"நேத்து. திரும்பும்போது கவுந்துடுது லியோனா. ரெண்டு தடவ கவுந்துச்சு. அடியில கனம் வேணும்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலையா?"

"நீ பம்பர் தச்சிட்டு இருந்த."

 மேடாக்ஸ் அம்மா இருவரையும் பார்த்துவிட்டு, "கொறச்சிட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

அவர்களுக்கு ஒதுக்கியிருந்த மூலைக்குத் திரும்பி, கண்ணில் பட்ட அலுமினியத் தகட்டிலெல்லாம் டிரில்லால் ஓட்டை போட்டார்கள். தரையெங்கும் உலோகச் சுருள். மறுபடி தராசு. நாலு பவுண்டு அதிகம். இத்தனை ஓட்டைக்கும் ஒரே ஒரு பவுண்டுதான்.

"அப்ப கொக்கிதான்" என்றான் ட்ரெண்ட், அவள் முகத்தைப் பார்க்காமல். "அதக் கழட்டினா சரியா வந்துரும்."

"உன் இரும்பக் கழட்டினாலும் சரியா வரும்."

"கவுந்த ரோபோ ஒரு புள்ளியும் எடுக்காது. உன் கொக்கி பத்துக்கு நாலு தடவதான் ஏறுது. நான் பொய் சொல்றேனா?"

பொய் இல்லை. அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது. பொறுப்பாசிரியர் போர்ஸ்மாவிடம் போய் நின்றாள். அவர் பன்னில் இறைச்சியை அடைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க ஒரு முடிவு சொல்லுங்க."

"இது உங்க ரோபோ லியோனா. நீங்களே பேசி முடிவெடுக்கணும். அதுலதான் கத்துக்க முடியும்." வாயில் ஒட்டியிருந்த சாஸைத் துடைத்துக்கொண்டார்.

இதைக் கேட்கவா வந்தோம் என்றிருந்தது அவளுக்கு. திரும்பி வந்து ஸ்பேனரை எடுத்தாள். யாரையும் தொட விடவில்லை. தானே கழற்றி மேஜைக்கு அடியில் வைத்தாள். அழுகை முட்டியது. பாதுகாப்புக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சுவரைப் பார்த்து நின்றாள்.

எடை தேறியது. மேடாக்ஸ் அம்மா ஒயர்களைப் பார்த்தார், கூர்முனைகளைத் தடவினார். கடைசியில் பின்பக்க பம்பரைப் பிடித்து ஆட்டினார். அது தளர்ந்த பல் போல ஆடியது.

"இது ஏன் இப்படி ஆடுது?"

லியோனாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கொக்கியின் கம்பத்தைப் பிடித்திருந்த அதே போல்ட்டுகள்தான் பின் பம்பரையும் தாங்கியிருந்தன. கம்பம் போனது, பிடிமானமும் போனது.

"தையல்காரம்மா," என்று ட்ரெண்ட் மெல்ல ஆரம்பித்தான், "பம்பர நீதான..."

"தொடமாட்டேன்."

"லியோனா, ப்ளீஸ்."

"நாலு வருஷமா நான்தான் செஞ்சேன். இன்னைக்கு நீ செய். எங்க ஓட்ட போடணும்னு நான் சொல்றேன். படுத்துக்கிட்டு நீ போடு."

அவன் சட்டையோடு அந்த உலோகச் சுருள்களின் மேல் மல்லாந்து படுத்தான். ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் விலகியது. இரண்டு முறை போல்ட்டைத் தவறவிட்டான், ஒன்று அவன் மூக்கிலேயே விழுந்தது. துணியைப் பிசிறாமல் இழுத்துப் பிடிக்கத் தெரியாமல் கிழித்தான்.

"என்ன இழவு வேலடா இது" என்று அடியிலிருந்து முனகினான்.

"தெரிஞ்சுதா?"

கிழிந்த இடத்தை அவள்தான் தைத்தாள். பெர்த்தாவின் நெற்றியில் தேர்ச்சி வில்லை ஒட்டப்பட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள். லியோனா ஊசியைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

மறுநாள் மூன்று மூன்று அணிகள் கூட்டுச் சேர்ந்து மோதும் ஆட்டங்களில் பெர்த்தா ஒருமுறைகூடக் கவிழவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் எதிரணி ரோபோக்கள் கம்பியில் தொங்க, அது மட்டும் கீழே நின்று வேடிக்கை பார்த்தது. மூன்று ஆட்டங்களை அந்தப் புள்ளிகளிலேயே தோற்றார்கள். சாயங்காலம் ட்ரெண்ட் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் அதற்குள் கொக்கியின் பக்கத் தகடுகளை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு கொறையும்?"

"ரெண்டு பவுண்டு. உன் தகடு ரெண்டுல ஒன்னக் கழட்டு."

"கவுந்துட்டா?"

"கவுந்தா என்னத் திட்டு."

 அவன் ஸ்பேனரைக் கேட்டான். மாற்றம் செய்த ரோபோ மறுபடி பரிசோதனைக்குப் போயாக வேண்டும். அடுத்த நாள், சனிக்கிழமை காலை, தராசின் எண் எல்லைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. "இப்ப சரி" என்று மட்டும் சொன்னார் மேடாக்ஸ் அம்மா.

கொக்கியோடு இறங்கிய முதல் இரண்டு ஆட்டங்களிலும் அது கம்பியைத் தவறவிட்டது. கடைசி ஆட்டத்தில் பிடித்தது. பெர்த்தா ஒரு பக்கம் சாய்ந்தபடி, முக்கி முனகித் தரையை விட்டு எழும்பியது. மணி அடித்தபோது அந்தரத்தில் தொங்கியது. ஆனால் அவர்களோடு கூட்டுச் சேர்ந்த ரோபோ ஒன்று ஆட்டத்தின் நடுவிலேயே செத்துப்போயிருந்ததால், அந்தப் புள்ளியைச் சேர்த்தும் தோல்விதான். பிறகு முன்னணி அணிகள் அடுத்த சுற்றுக்குக் கூட்டாளிகளைப் பொறுக்கியபோது அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

அதோடு விடவில்லை. தோற்ற அந்த ஆட்டம் முடிந்ததும் கொக்கி கம்பியை விட மறுத்தது. அடுத்த ஆட்டத்துக்காக ஆறு அணிகள் காத்திருக்க, நடுவர் கடிகாரத்தைப் பார்க்க, லியோனா ஸ்டூலின் மேல் ஏறி நின்று, கொக்கியைக் கழற்ற அதன் போல்ட்டுகளை ஸ்பேனரால் திருகினாள். கீழே ட்ரெண்ட் பெர்த்தாவை மார்போடு அணைத்துத் தாங்கியிருந்தான். அவன் முகம் சிவந்துவிட்டது.

"நல்லாதான் பிடிச்சிருக்கு உன் கொக்கி" என்றான் மூச்சு வாங்க.

"பேசாம தூக்கிப் பிடி" என்றாள் அவள். அடுத்த போல்ட் அசையவே இல்லை.