டிரைவர் இல்லாத ரயிலுக்கு ஒரு தேங்க்ஸ்

நான் சிட்னிக்குப் படிக்க வந்த முதல் வாரம். மெட்ரோ ரயிலின் முதல் பெட்டியில், கோட்டும் டையும் ரப்பர் செருப்புமாக ஓர் அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, இங்க இறங்கேக்க டிரைவருக்குத் தேங்க்ஸ் சொல்லோணும். அதுதான் இந்த ஊர் மரியாதை.”

நிலையம் வந்ததும் எழுந்து, முன்கண்ணாடியைப் பார்த்து, “தேங்க் யூ டிரைவர்!” என்றார்.

“அங்கிள், இந்த ரயிலுக்கு டிரைவரே கிடையாதே!”

“ஓம், தெரியும். ஒருத்தரும் இல்லாமலே பத்திரமாக் கொண்டுவந்து விட்டிருக்கு. இதுக்கு ரெண்டு தரம் சொல்லோணும்.”

மறுபடியும் சொல்லிவிட்டு இறங்கினார். நான் சிரித்துக்கொண்டே சும்மா இறங்கினேன். கதவு என் முதுகுப்பையைக் கவ்விக்கொண்டது.

“சொன்னனான்தானே,” என்று கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் அவரை நான் பார்க்கவேயில்லை. ஆனால் காலிக் கண்ணாடிக்குத் தேங்க்ஸ் சொல்லாமல் இறங்குவதில்லை. இரண்டு தரம்.