கடைக்கு வைத்த பேர்

எங்கள் முக்கில் பிள்ளை பெறாமல் கடை திறந்தவர்கள் கிடையாது. கோழிக்கடைக்கு மூத்த மகளின் பேர், தையல் கடைக்கு இளைய மகனின் பேர், மாவு மில்லுக்கு இரட்டைப் பிள்ளைகளின் பேர். ஆட்டோக்களின் நெற்றியிலும் பிள்ளைகள்தான். பிள்ளை வளர்ந்து நர்சிங் படிக்கப் போன பிறகும் ஆட்டோவில் அது கைக்குழந்தையாகவே ஓடிக்கொண்டிருக்கும். மூன்று பிள்ளைகள் உள்ள ஒருவர், யாருக்கும் குறை வைக்கக் கூடாதென்று மூன்று பேர்களின் முதல் எழுத்துகளையும் சேர்த்துத் தன் பலசரக்குக் கடைக்குப் போட்டார். வாசித்தால் வயிற்றுவலி மாத்திரை போல இருக்கும். ஊரில் யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அதனால், தொண்ணூறுகள் முடியப்போகிற ஓர் ஓண விடுமுறையில் என் தம்பி வந்து, "அக்கா, கடைக்கு என்ன பேரு இடணும்?" என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்தது அலுப்புதான். இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று கேட்ட உடனேயே தெரிந்துவிட்டது.

கடை என்றால் ஷட்டர் போட்ட கடை இல்லை. தம்பி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். இன்டர்நெட்டில் இலவசமாக ஒரு பக்கம் கொடுக்கிறார்கள், அதில் நாங்கள் பின்னுகிற சாமான்களின் போட்டோவைப் போட்டு வீட்டு விலாசத்தையும் எழுதிவிட்டால், வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்த்துக் கடிதம் போடுவார்கள் என்றான். நாங்கள் என்றால் நானும் என் நாத்தனாரும். கொக்கி ஊசியால் நூலைப் பின்னி மேசை விரிப்பு, வேதப்புத்தக உறை, குழந்தைத் தொப்பி, காலுறை செய்வோம். வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குச் சபையில் கொடுப்போம். அதற்கு மேல் அவற்றை விற்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

நான் பின்னியதற்குக் கலை ஆர்வமெல்லாம் காரணமில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. எங்கள் ஊர் கொல்லயிலிலிருந்து காலையும் மாலையும் பஸ். பஸ்ஸில் கை சும்மா இருந்தால் பக்கத்து சீட்டுக்காரி, "பிள்ளைகள் எத்தனையாக்கும்?" என்று ஆரம்பிப்பாள். ஊசியை வைத்துக்கொண்டு கண்ணி எண்ணுகிறவளிடம் அவ்வளவு சீக்கிரம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கைப்பைக்குள் அடங்குகிற சாமானைத்தான் பஸ்ஸில் பின்ன முடியும். அப்படி அடங்குவது குழந்தைக் காலுறை. போகும்போது ஒரு கால், வரும்போது ஒரு கால். அதைப் பார்த்துவிட்டும் சிலர், "ஆருக்காக்கும்?" என்று கேட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆபீசில் பகல் முழுக்கப் பேர்களைத்தான் டைப் செய்தேன். இன்னார் மகள் இன்னார், இன்ன வீட்டில் வசிப்பவர். ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை அந்த ஒரே வரி வரும். மாலையில் வீட்டுக்கு வந்தால் யாருடைய பேரையும் கேட்கப் பிடிக்காது. அப்படிப்பட்டவளிடம்தான் தம்பி பேர் கேட்டான்.

நாத்தனார் வீடு எங்கள் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, அடுத்த விளை. அவளுக்கு ஒரு பையனும் ஒரு பெண்ணும். விஷயம் காதில் விழுந்ததுமே நூல்பையோடு வந்து உட்கார்ந்தாள்.

"மைனி, எனக்க பிள்ளைகளுக்க பேரச் சேத்து ஒண்ணு உண்டாக்கினா நல்லா இருக்கும்லா? நான் எழுதிப் பாத்தேன்."

நோட்டுத் தாளில் நாலைந்து விதமாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"வேண்டாம்."

"ஏன் மைனி? எனக்க பிள்ளைகள் உங்களுக்கும் பிள்ளைகள்தானே."

நல்ல மனசோடுதான் சொன்னாள். சபையில் சொல்வார்கள், கல்யாண வீட்டில் சொல்வார்கள், பாதிரியார் ஜெபத்திலேயே ஒரு தடவை சொன்னார். சொல்கிறவர்களுக்கு அதோடு விஷயம் முடிந்துவிடும். கேட்டுக்கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. ஓணமென்றும் பாராமல் அன்று ஆபீசிலும் வேலை அதிகம், முதுகு வலி வேறு. அதனால், "அப்போ கடையும் உனக்கதுதானா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் நூலைச் சுருட்டிப் பையில் போட்டாள். மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

தம்பி தன் பங்குக்குச் சொன்னான். "பூவார் பேரப் போடு அக்கா. ரிசார்ட்டுக்கு வாற வெள்ளக்காரனுவளுக்குத் தெரிஞ்ச பேராக்கும்." எங்களுக்கும் அந்தக் கடற்கரை ஊருக்கும் என்ன சம்பந்தம்? என் கணவர் காட்டாக்கடையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தார். இரண்டு பஸ் மாறி இருட்டும் நேரத்தில் வருவார். அவரிடம் கேட்டால், "எது வேணும்னாலும் போடு" என்றார். அவர் பேச்சு எப்போதும் அவ்வளவுதான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

உண்மையில் என்னிடம் ஒரு பேர் இருந்தது. அதுதான் சிக்கலே.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நான் ஐந்து மாசமாக இருந்தபோது, அமரவிளைப் பாலத்தருகே பஸ் நெரிசலில் நின்றுபோயிற்று. அரைமணி நேரம் அசையவில்லை. அந்த அரைமணியில் அந்தப் பேர் வந்தது. யார் பேரும் இல்லை, வேதத்திலும் இல்லை, எங்கிருந்து வந்ததென்று தெரியாது. பெண் பேர். ஆண் பிள்ளையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பிறக்கும் முன்னால் பேரை வெளியே சொல்லக் கூடாதென்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை. பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

ஏழாம் மாசத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண்தான். மூச்சு இல்லை. ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளையின் பேர் சபைப் புத்தகத்தில் ஏறாது. ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் 'பெண்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பேர் என்ன வைக்க நினைத்தாய் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள், கேட்டால் எனக்கு வருத்தமாகும் என்று நினைத்திருப்பார்கள். அதன் பிறகு வேறு பிள்ளையும் உண்டாகவில்லை. அந்தப் பேர் என்னிடமே கிடந்தது.

அதைக் கடைக்கு வைப்பதா? ஒரு மனம், பிள்ளைக்கு வைத்திருந்ததைத் தொப்பி விற்கக் கொடுப்பாயா என்று கேட்டது. இன்னொரு மனம், நீயும் செத்துவிட்டால் அப்படி ஒரு பேர் இருந்தது என்று எந்தக் காகிதத்தில் இருக்கும் என்று கேட்டது. இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

விடுமுறை முடிவதற்கு முந்தின நாள் தம்பி என்னைப் பாறசாலையிலிருந்து ரயிலேற்றித் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனான். கம்ப்யூட்டர் சென்டரில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். கோயிலுக்குப் போவது போல எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். போட்டோக்களை ஒவ்வொன்றாக ஏற்றி முடித்தான். பேர் எழுதுகிற கட்டம் வந்தது. அதற்குள் ஒரு சிறு கோடு மின்னி மின்னி அணைந்தது.

"சொல்லு அக்கா. நேரம் போவுது."

சொன்னேன். ஒன்பது வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவனுக்குக் கேட்காததால் இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

"இது ஆருக்க பேரு?"

"சும்மா. நல்லா இருக்குல்லா?"

"கொள்ளாம். சின்ன பேரு, வெளிநாட்டுக்காரனுக்கும் வாயில வரும்" என்று சொல்லி டைப் செய்தான். அவனுக்கு அவ்வளவுதான். எனக்குக் கால் இரண்டும் சில்லிட்டுப்போயிருந்தன, ஏசி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை கணவர் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பேரைச் சொன்னேன். கழுவிய காலிலேயே இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். "நல்ல பேரு" என்றார். உள்ளே போய்விட்டார். ஏன் இந்தப் பேர், எங்கே பிடித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனுஷனுக்கு எதுவும் ஏறாது என்று திட்டிக்கொண்டே சோறு போட்டேன்.

நாத்தனார் நாலாம் நாளே நூல்பையோடு திரும்பி வந்திருந்தாள். நானும் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. கடைக்குப் பேர் முடிவானதைச் சொன்னபோது, "ஆரு மைனி அது, சினிமாக்காரியா?" என்று கேட்டாள். அதன் பிறகு அந்தப் பேரை அவள் மறந்தே போனாள். அவளுக்கு அது எப்போதும் 'கடை'தான். அங்கேதான் பிழை வந்து விழுந்தது.

இரண்டு மாசம் ஒரு கடிதமும் வரவில்லை. நானும் ஆசையை விட்டிருந்தேன். ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து பையை வைக்கும் முன்னால், பகலில் எங்கள் வீட்டில் இருந்து பின்னுகிற நாத்தனார் சொன்னாள்.

"மைனி, இண்ணைக்கு ஆருக்கோ உள்ள ரெஜிஸ்டர் தபால் நம்ம வீட்டுக்குத் தப்பி வந்துது. போஸ்ட்மேனுக்கும் ஆளு தெரியல்ல. அப்படி ஒரு ஆளு இங்க இல்லண்ணு சொல்லித் திருப்பி விட்டேன்."

"ஆருக்கு வந்துது?"

பேரைச் சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள். "அய்யோ மைனி, கடைக்க பேருல்லா" என்றாள்.

அவள்மேல் தப்பில்லை, தபால்காரர் மேலும் தப்பில்லை. அவர் இருபது வருஷமாக எங்கள் வழியில் தபால் கொடுக்கிறவர். எந்த வீட்டில் யார் பிறந்தார்கள், யார் கல்யாணமாகிப் போனார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஆள் இல்லை என்பதும் தெரியும். ஊரில் எல்லாருடைய பிள்ளையும் கடைப் பலகையில் இருக்கிறது, அந்தப் பிள்ளைகளுக்குத் தபால் வந்தால் வாங்க ஆள் இருக்கிறது. நான் மட்டும் இல்லாத ஆளின் பேரைப் பலகையில் போட்டுவிட்டு, தபால் வரும் என்று காத்திருந்தேன்.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். முதல் கடிதம், அதுவும் அந்தப் பேருக்கு வந்த முதல் கடிதம், இல்லை என்று எழுதித் திரும்பிப் போகப்போகிறது. நாத்தனார்தான் எனக்காக அழுதாள். கணவர் வந்ததும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டு, "நாளைக்கு ரெண்டு பேரும் போயிட்டு வருவோம். நான் லீவு போடுதேன்" என்றார்.

காலையில் போஸ்ட் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றோம். போஸ்ட்மாஸ்டர் புதிதாக மாற்றலாகி வந்தவர், மலையாளம் மட்டும் பேசுவார். கடிதம் இன்னும் பையில் கட்டப்படவில்லை. மேசைமேல் அவருடைய முழங்கைக்குக் கீழேதான் கிடந்தது. நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்: இது கடையின் பேர், இன்டர்நெட் கடை, ஆள் இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்து, 'இது' என்பதோடு நிறுத்திவிட்டேன். ஆள் இல்லை என்று என் வாயால் நான் எப்படிச் சொல்வேன்?

"இதாரா?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர், பேரின்மேல் விரலை வைத்து.

"மோளாக்கும்" என்றார் என் கணவர்.

மகள் என்று சொன்னவரை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எங்களுக்க மோளுக்க பேராக்கும் சார். அதக் கடைக்கு இட்டிருக்கு. தபால் இனியும் வரும்."

"மோளெவிடெ?" மகள் எங்கே என்று கேட்டார்.

"இல்ல சார்."

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். இனி இந்தப் பேருக்கு வரும் தபாலை நாங்கள் வாங்கிக்கொள்வதாக ஒரு காகிதம் எழுதித் தரச் சொன்னார். கணவர் நின்றபடியே எழுதினார். உறவைக் குறிக்க வேண்டிய இடத்தில், அப்பா என்பதற்கு மலையாளத்தில் 'அச்சன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் கொடுத்தார். தினமும் ஐம்பது தடவை 'இன்னார் மகள்' என்று டைப் அடித்த கை, 'அம்மை' என்று எழுத அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

"அது அவளுக்க பேருண்ணு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆசுபத்திரியில மயக்கம் தெளியுததுக்கு முன்ன நீ அதத்தான விளிச்சிட்டுக் கெடந்த. ஒரு மணிக்கூறு இருக்கும்."

"ஒன்பது வருஷம் சொல்லல்லியே."

"நீ சொல்லட்டும்ணு இருந்தேன்" என்றார். பிறகு வீட்டுக்குப் போகிற பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை.

கடிதத்தைப் பிரித்தேன். குவைத்தில் இருக்கும் ஒரு நர்ஸ் ஒரு தொப்பியும் ஒரு ஜோடி காலுறையும் கேட்டிருந்தாள். அதை மடியில் வைத்துவிட்டு உறையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் பேர் நீல மையில், எனக்குத் தெரியாத ஒருத்தியின் குண்டு எழுத்தில் இருந்தது. அதன் கீழே 'இப்படி ஒரு ஆள் இல்லை' என்று தபால்காரர் எழுதியிருந்த வரியைப் போஸ்ட்மாஸ்டர் சிவப்பு மையால் அடித்திருந்தார்.