சாரோங் சோபா

வீட்டுக்கு ஒரு சோபா வேண்டும் என்ற ஆசை என் மனைவிக்குப் பத்து வயதில் வந்தது. அப்போது அவளுக்கு என்னை யாரென்றே தெரியாது. பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், துரை பங்களாவில் தூசி தட்டும் வேலை அவளுக்கு. துரையம்மாவிடம் தலையணைத் தடிமனில் ஒரு சாமான் புத்தகம் இருந்ததாம். படத்தைப் பார்த்து எழுதிப் போட்டால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் சாமான் வரும். ஒரு பக்கத்தில் சோபா. சட்டையும் டையும் போட்ட புருஷன் பேப்பர் படிக்கிறான். பெண்டாட்டி சிரித்துக்கொண்டே தேநீர் கொண்டு வருகிறாள். பிள்ளைகள் கம்பளத்தில் சண்டையில்லாமல் விளையாடுகின்றன.

துரையம்மா அந்தக் கம்பளத்தை வரவழைத்தார். மழைக்காலத்தில் அது பூஞ்சை பிடித்தது. வெயிலில் போட்டுத் தடியால் அடிக்கிற வேலை இவளுக்கு வந்தது. துரையும் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்ததில்லை, கிளப்புக்குப் போய்விடுவார். அதையெல்லாம் மறந்துவிட்டாள், படத்தை மட்டும் மறக்கவில்லை.

கல்யாணமான பிறகு நான் வெற்றுடம்போடு உட்காரும்போதெல்லாம் அந்தப் படத்துக்காரனை இழுப்பாள்.

"அவன் எப்படி உக்காந்திருப்பான் தெரியுமா?"

"அவனுக்குப் பால்மரம் வெட்டற வேலை இல்லலா."

இப்போது செமிலிங்கில் இருக்கிறோம். கடைசி மகளுக்குக் கூலிம் ஃபேக்டரியில் வேலை. முப்பது தாண்டி, அவளாகவே ஒரு பையனைப் பார்த்துக்கொண்டாள். யாழ்ப்பாணக் குடும்பம், அப்பா சர்க்கார் ஆபீஸில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிராணி. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பிடித்திருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

"நம்மளத் தோட்டத்து ஆளுங்கன்னு நெனச்சிருவாங்க," என்றாள் மனைவி.

"தோட்டத்து ஆளுங்கதானே?"

"வாய மூடுங்க. சோபா இல்லாம ஒருத்தரையும் உள்ள விடமாட்டேன்."

போனில் தேடினோம். படத்தைத் தள்ளுவது அவள், எழுத்துக்கூட்டி மலாய் படிப்பது நான். நல்ல நீலச் சோபா ஒன்று வந்தது, விலையும் மலிவு. கீழே 'சாரோங் சோபா' என்று போட்டிருந்தது. மலாயில் சாரோங் என்றால் கைலி.

"சோபா வாங்கினா கைலி இனாம் போலருக்கு," என்றேன்.

"உங்களுக்குன்னே செஞ்சிருக்கான். அமுக்குங்க."

வெள்ளிக்கிழமை சாமான் வந்தது, மோட்டார் சைக்கிளில். பின்னால் லாரி வருகிறதா என்று மனைவி வெகுநேரம் ரோட்டைப் பார்த்தாள். பொட்டலத்துக்குள் நீலத் துணி. கைலிதான் முதலில் வந்துவிட்டது என்று இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். உள்ளே நாலு பேர் நுழையலாம்.

வேலை முடிந்து வந்த மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, சாரோங்னா இங்க உறைதான்! தலகாணிக்குப் போடற மாதிரி, சோபாவுக்குப் போடறது!"

மனைவி சிரிக்கவில்லை. பின்கட்டில் கிடந்த, சாய்மானம் வைத்த மரப்பெஞ்சை இழுத்து வரச் சொன்னாள். அதன்மேல் இரண்டு போர்வை, அதற்கு மேல் உறை. வாசலிலிருந்து பார்த்தால் அசல் சோபாதான்.

"இது பாக்கறதுக்கு மட்டும். அவங்க நாற்காலியில உக்காரட்டும்," என்று உத்தரவு போட்டாள்.

பையனின் அப்பா நல்ல கனத்த மனிதர். நாங்கள் நாற்காலியைக் காட்டக் காட்ட, அவர் நேராகச் சோபாவுக்குப் போனார். பஞ்சை நம்பி உடம்பை விட்டார். 'டொக்' என்று ஒரு சத்தம். முறுக்குத் தட்டோடு வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"என்னப்பா, நொந்து போச்சோ?" என்றார் அவர் மனைவி.

அவர் உறைக்கு மேல் விரலால் தட்டினார். மரம் பதில் சொன்னது. என் மனைவியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லை. டொக்டர் எனக்கு இப்பிடியானதிலதான் இருக்கச் சொன்னவர். எங்கட வீட்டுச் சோபாவில இருந்தா எழும்பேலாது." என் பக்கம் திரும்பினார். "இது எங்க எடுத்தனீங்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "போன்ல ஆர்டர் போட்டு வரவழைச்சதுங்க."

அவர் தலையாட்டிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"நீங்களும் வந்து இருங்கோ, சம்மந்தி."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் மனைவி முறுக்குத் தட்டை என் கையில் திணித்துவிட்டு, மகளைக் கூப்பிட உள்ளே ஓடினாள்.